50 மினரலுக்கு ஒரு மனிதன்

ஸ்டார்கிராப்ட் விளையாடியவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியும்: விளையாட்டில் பணம் போலச் செலவாகும் கனிமமான மினரல் 50 கொடுத்தால் மரீன் என்ற படைவீரன் ஒருவன் வருவான். அவன் செத்தால் இன்னொரு 50. 1998 இல் வெளிவந்த அந்த விளையாட்டை கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு இன்டர்நெட் கஃபேயில் இரவு இரவாக ஆடியிருக்கிறேன். எத்தனை மரீன்களைச் சாகக் கொடுத்தேன் என்று அப்போது எண்ணியதில்லை. எண்ண வைத்தவை ‘ஸ்டார்கிராப்ட்: ஃபிரண்ட்லைன்’ புத்தகங்கள்.

டோக்கியோபொப் பதிப்பகம் 2008, 2009 ஆண்டுகளில் வெளியிட்ட சித்திரக்கதைத் திரட்டு இது. நான்கு தொகுதிகள், முழுவதும் கறுப்பு வெள்ளை, கதைக்குக் கதை வேறு எழுத்தாளர், வேறு ஓவியர். 2010 இல் கனடாவிலிருந்து வந்த மச்சான் நான்கையும் கொண்டுவந்து தந்தார். அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது எடுத்து வாசிக்கிறேன்.

முதல் தொகுதியில் வரும் ‘வெப்பன் ஒஃப் வோர்’ கதையை மட்டும் எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. கோலின் என்ற சிறுவனுக்கு மனோசக்தி இருக்கிறது. செர்க் எனப்படும் கொடிய உயிரினங்கள் சூழ்ந்த நேரத்தில், பிள்ளையின் சக்தி எல்லோருக்கும் தேவைப்படுகிறது. பிள்ளை தேவைப்படுவது தகப்பன் கோர்பினுக்கு மட்டும்தான். இலங்கையில் போர் முடிந்த மறு ஆண்டில், சோதனைச் சாவடிகளைக் கடந்து வீட்டுக்கு வந்து இதை வாசித்தவனுக்கு, அது வேற்றுக் கிரகத்துக் கதையாகத் தோன்றவில்லை. விளையாட்டில் கோலினின் குடும்பம் போன்ற குடியேற்றவாசிகள் வரைபடத்தின் ஒரு மூலையில் நிற்கும் கட்டடங்கள். இங்கே அவர்களுக்கு முகம் இருக்கிறது, பயம் இருக்கிறது.

இரண்டாம் தொகுதியின் ‘நியூஸ்வேர்த்தி’யும் அப்படித்தான். படையினரோடு களத்துக்குப் போகும் செய்தியாளர் கேட் லொக்வெல் அதன் நாயகி. அதே 2010 இல் வந்த ஸ்டார்கிராப்ட் II விளையாட்டில் அவர் உண்மையைச் சொல்லத் தொடங்கினாலே, செய்தி வாசிப்பாளர் டொனி வெர்மிலியன் குறுக்கே விழுந்து பேச்சை வெட்டிவிடுவார். விளையாட்டை மட்டும் ஆடியவர்கள் அதை வேடிக்கையாகப் பார்த்திருப்பார்கள். புத்தகத்தில் கேட்டோடு நடந்த எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு வலித்தது.

குறைகளும் உண்டு. ஓவியத் தரம் ஒரே சீராக இல்லை. செர்க் கூட்டமாகப் பாயும் சில பக்கங்களில் எது கால், எது பல் என்று பிரித்தறிய முடியாது; அங்கே வண்ணம் இருந்திருக்கலாம். புரோட்டோஸ் என்ற வேற்றுக் கிரக இனத்தைப் பற்றிய கதைகளோ, விளையாட்டின் பின்னணி தெரியாதவரை வாசலிலேயே நிறுத்திவிடும். நான்காம் தொகுதியில் விளையாட்டின் நாயகர்களில் ஒருவரான ஜிம் ரெய்னரைப் பற்றி, விளையாட்டின் கதையுலகைப் படைத்தவர்களில் ஒருவரான கிறிஸ் மெட்சனே எழுதிய ‘ஹோம்கமிங்’ எனக்குப் பிடிக்கும். ஆனால் ரெய்னரை ஏற்கெனவே நேசிப்பவருக்குத்தான் அது முழுதாகத் திறக்கும்.

கடற்கரைப் பக்கத்து வீடு என்பதால் உப்புக்காற்று தாள்களைப் பழுப்பாக்கிவிட்டது. மழைக்காலம் முடிந்ததும் பூஞ்சணம் பிடிக்காமல் வெயிலில் காயவைப்பேன். வாங்க நினைப்பவர்கள் முதலாம், மூன்றாம் தொகுதிகளைச் சேர்த்தே தேடுங்கள். கோலினின் கதை மூன்றாவதில் ‘வோர்-டோர்ன்’ என்று தொடர்கிறது.

போன மாதம் அக்காவின் மகன் முதல் தொகுதியை ஒரே இருப்பில் வாசித்துவிட்டு வந்தான். யார் வென்றது என்று அவன் கேட்கவில்லை. “மாமா, கோலினுக்குப் பிறகு என்ன நடந்தது?” என்றுதான் கேட்டான். அலமாரியிலிருந்து மூன்றாவதை எடுத்துக் கொடுத்தேன்.