கூடுவாஞ்சேரியா, திருநின்றவூரா?

சென்னைக்குள் வாடகை கேட்டு மலைத்துப்போனவர்களிடம் தரகர்கள் அடுத்துச் சொல்லும் ஊர்களில் இந்த இரண்டும் தவறாமல் இருக்கும். செங்கல்பட்டுப் பாதையில் கூடுவாஞ்சேரி, அரக்கோணம் பாதையில் திருநின்றவூர். இரண்டும் 2021இல் நகராட்சியானவை. கடற்கரை நிலையத்திலிருந்து கூடுவாஞ்சேரி ஏறத்தாழ 40 கி.மீ.; சென்ட்ரலிலிருந்து திருநின்றவூர் 30 கி.மீ.க்குள்தான்.

வீட்டு விளம்பரங்கள் “ரயில் நிலையத்துக்கு ஐந்து நிமிட நடை” என்று சொல்லும். நிலையத்தில் வண்டிக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லாது. தெற்கே பெரும்பாலான மின்சார ரயில்கள் தாம்பரத்தோடு திரும்பிவிடுகின்றன. மேற்கே பல வண்டிகளுக்கு ஆவடியே எல்லை. நம் இரண்டு ஊர்களும் அந்த எல்லைகளுக்கு அப்பால் இருக்கின்றன. ஒரு வண்டியைத் தவறவிட்டால் இழப்பது ஐந்து நிமிடமல்ல. ஆகவே வாடகை பேசுவதற்கு முன் அலுவலகம் முடியும் நேரத்துக்கு உரிய அட்டவணையையும் கடைசி வண்டியையும் பாருங்கள். இரவுப் பணி உள்ளவர்கள் வாடகை கூடினாலும் தாம்பரத்திலோ ஆவடியிலோ தேடுவது நல்லது.

வேலை கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம் பக்கம் என்றால் கூடுவாஞ்சேரிதான். ஒரே ரயில், கிண்டியில் இறங்கினால் பக்கத்திலேயே மெட்ரோ. செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள மகேந்திரா சிட்டியில் வேலை என்றால் இன்னும் வசதி: அதற்கான நிலையமான பரனூருக்குக் காலையில் நகரக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகலாம். ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) அலுவலகங்களுக்கு ரயில் உதவாது. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலைதான் வழி. ஊருக்கு அடிக்கடி போகும் தென்மாவட்டக்காரர்களுக்கு, 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் அருகிலிருப்பது பெரிய ஆறுதல். மற்றவர்களுக்கு அதே நிலையம் பண்டிகை நாட்களில் ஜி.எஸ்.டி. சாலையை (சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை) அடைத்துவைக்கும் தலைவலி. பொத்தேரி, காட்டாங்குளத்தூர் பக்கம் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து வீடெடுப்பதால், அங்கே குடும்பங்கள் அவர்களோடு போட்டிபோட வேண்டியிருக்கிறது.

அம்பத்தூர் தொழிற்பேட்டை, பெரம்பூர், சென்ட்ரல் சுற்றுவட்டாரம் என்றால் திருநின்றவூரைத் தயங்காமல் எடுக்கலாம். தொழிற்பேட்டைக்குப் பட்டரவாக்கத்தில் இறங்கினால் போதும். சென்ட்ரலிலேயே மெட்ரோவும் இருக்கிறது. 2024இல் பக்கத்துப் பட்டாபிராமில் டைடல் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறந்த பிறகு இந்தப் பக்கமும் விலை ஏறும் என்று வீட்டுக்காரர்கள் நம்பத் தொடங்கியிருக்கிறார்கள். இருந்தும் அதே வசதியுள்ள வீடு கூடுவாஞ்சேரியைவிட இங்கே மலிவாகக் கிடைக்கும் என்பதே என் கணிப்பு. மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர் இது. சொந்த வீட்டை இன்னும் மனத்தில் மட்டுமே கட்டிக்கொண்டிருப்பவர்களுக்குப் பொருத்தமான முகவரி.

கணவனுக்கு ஒரு திசை, மனைவிக்கு மறு திசை என்றால்? வண்டலூரையும் நெமிலிச்சேரியையும் இணைக்கும் வெளிவட்டச் சாலையைக் காட்டித் தரகர் சமாதானம் சொல்வார். சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு அது வரைபடத்தில் மட்டுமே இணைப்பு.

ஏரிகளால் ஆன ஊர்கள் இரண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், முனைக்கடைக்காரரிடம் கேளுங்கள். தரைத்தளம் வாடகையில் குறைவாக இருந்தால் காரணம் அங்கேதான் தெரியவரும்.

பத்து மாத முன்பணம் கேட்டால், 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தை நினைவூட்டுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது அது. அந்த “வேறு ஒப்பந்தம்” உங்கள் கையெழுத்தில்தான் பிறக்கிறது என்பதால், பத்திரத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மின்சாரத்துக்கு வாரியக் கட்டணமா, வீட்டுக்காரர் வைத்த யூனிட் விலையா என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.