ஜேசி-1 கிட் வாங்கலாமா? நாங்க பட்ட பாடு

இதய தசை செல்லுல மைட்டோகாண்ட்ரியா சவ்வு பொட்டென்ஷியல் (சவ்வோட ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல இருக்கற மின்னழுத்த வித்தியாசம்) பாக்கறதுக்காக ஜேசி-1ங்கற (JC-1) ஒளிரும் சாயத்தோட கிட் ஒண்ணு வாங்கினோம், கம்பெனி பேர் வேணாம். ஐடியா நல்லாத்தான் இருக்கு, பொட்டென்ஷியல் அதிகமா இருந்தா சாயம் ஒண்ணோட ஒண்ணு கூடி 590 நானோமீட்டர்ல சிவப்பா மின்னும், குறைஞ்சா பிரிஞ்சு 530 பக்கம் பச்சையா தெரியும், ரெண்டுக்கும் விகிதம் எடுத்தா முடிஞ்சுது. ஆனா சாயத்த பஃபர்ல (உப்புக் கரைசல்ல) ஊத்தின உடனே திரிஞ்ச பால் மாதிரி துகள் துகளா ஆயிடுச்சு, அந்தத் துகளும் சிவப்பாவே மின்னுது, எது செல்லு எது குப்பைன்னே தெரியல! 37 டிகிரி மீடியத்துல (செல் வளர்க்கற திரவத்துல) சொட்டு சொட்டா விட்டு கலக்கினா பரவால்ல, இதை மேனுவல்ல போடவே இல்ல.

எச்9சி2 (H9c2) செல்லுக்கு, அதாவது லேப்ல வளர்க்கற, துடிக்காத எலி இதய செல் வகைக்கு, இந்த கிட் ஓகே. நெஜமா துடிக்கிற எலி இதய செல்லுன்னா என் ஓட்டு இதே வேலைக்கான இன்னொரு சாயம் டிஎம்ஆர்எம்முக்குத்தான் (TMRM), 20 நானோமோலார் போதும், படம் எடுக்கறப்பவும் மீடியத்துல சாயம் இருக்கட்டும். அளவு மீறிப் போட்டா சாயம் தன் வெளிச்சத்தையே அமுக்கிக்கும், அப்புறம் பொட்டென்ஷியல் விழறப்ப வெளிச்சம் கூடுற மாதிரி காட்டி ஏமாத்தும். கடைசில பொட்டென்ஷியலை இல்லாம பண்ற மருந்தான எஃப்சிசிபி (FCCP) போட்டு சிக்னல் விழுதான்னு கண்டிப்பா பாருங்க, செல் சுருண்டுடும், அதுக்குள்ள படத்த எடுத்துடணும். அந்த கன்ட்ரோல் மருந்தே கிட்டுல இல்ல, தனியா காசு குடுத்து வாங்கினோம். ரெண்டு ஸ்டார்.