சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும்: பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடை

கடையின் பெயரைப் போடவில்லை. "போடட்டுமா?" என்று கேட்டதற்குக் கடைக்காரர், "வேண்டாம் சார், இப்பவே சாயங்காலம் ஆள் நிக்க இடமில்ல" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். மகாராஜ நகர் உழவர் சந்தைக்குக் காய் வாங்கப் போகிறவர்களுக்கு அடையாளம் சொன்னாலே தெரியும்: ஒற்றை ஷட்டர், வாசலில் வேப்பமரம், கோடையில் அதன் நிழலில் பதநீர் விற்பவர். உள்ளே வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் மருந்தாளுநர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு யாரிடமாவது கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். அந்தக் கேள்விகளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நான் 31 வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன். வீட்டில் மூன்று பேர். 86 வயது அம்மாவுக்குச் சர்க்கரை, மனைவிக்குத் தைராய்டு, எனக்குப் பிரஷர். மாதத்தில் ஆறேழு தடவையாவது மருந்துக்கடை வாசலில் நிற்கிறேன். அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

போன வருடம் சித்திரையில் அம்மாவின் சர்க்கரை 340க்கு ஏறியது. அதுவரை 160, 170 என்று அடங்கிக் கிடந்தது. இன்சுலின் மாறவில்லை, 20 யூனிட் அளவு மாறவில்லை, காலையில் அதே இரண்டு தோசைதான். டாக்டர் 26 யூனிட் ஆக்கினார். அப்போதும் இறங்கவில்லை. "ஆச்சி ஒளிச்சு வச்சு அல்வா திங்காகளோ என்னமோ" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நானும் அம்மாவின் தலையணைக்கு அடியில் ஒரு நாள் தடவிப் பார்த்தேன். வெட்கம்தான்.

வழக்கமான கடையில் இன்சுலின் தீர்ந்துபோனதால் இந்தக் கடைக்கு முதல்முறை போனேன். பாட்டிலைக் கையில் தருவதற்கு முன் அந்தப் பெண் கேட்டார்: "எந்த ஊசில போடுதீக சார்?"

"ஊசிதான்மா. எல்லாரும் வாங்குத ஊசி."

"மூடி என்ன கலர்?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போன் போட்டேன். ஆரஞ்சு என்றாள் மனைவி.

நம் ஊரில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான ஊசிக்குச் சிவப்பு மூடி. ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி. கோடுகளும் அதற்கேற்பத்தான் போட்டிருக்கும். ஆரஞ்சு மூடி ஊசியில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி. எங்கள் பாட்டிலில் அது 8 யூனிட். டாக்டர் கூட்டிக் கொடுத்த 26ம் உண்மையில் 10 யூனிட் சொச்சம்தான். பில்லின் பின்பக்கம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். இதே குழப்பம் தலைகீழாக நடந்தால், அதாவது 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் எடுத்தால், இரண்டரை மடங்கு உள்ளே போகும். சர்க்கரை ஒரேயடியாக இறங்கி ஆளே மயங்கிவிடலாம்.

"இப்ப சரியான ஊசி வாங்கிட்டம்னு 26ஐ அப்படியே போட்டுறாதீக" என்று சொல்லிவிட்டு, கடையிலிருந்தே டாக்டருக்குப் போன் போட்டார். அளவு பழையபடி 20 ஆயிற்று. மூன்றாம் நாள் அம்மாவின் சர்க்கரை 178. ஆரஞ்சு மூடி ஊசி, அதற்கு முந்தைய மாதம் வேறொரு கடையில் "எல்லாம் ஒண்ணுதான்" என்று கொடுக்கப்பட்டது. கொடுத்தது மீசை முளைக்காத ஒரு பையன். அவனைக் குறை சொல்லி என்ன செய்ய? அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எனக்கு இது கூடுதலாக உறைத்ததற்குக் காரணம், என் அப்பா ஒரு கம்பவுண்டர். அம்பாசமுத்திரத்தில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் 1958லிருந்து முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார். டாக்டர் அறைக்கும் மருந்து அறைக்கும் நடுவே சுவரில் ஒரு சின்ன ஜன்னல். சீட்டு அதன் வழியாக வரும், மருந்து வேறு பக்கம் போகும். நோயாளிகள் வீட்டிலிருந்தே கண்ணாடிப் பாட்டில் கொண்டு வருவார்கள். அப்பா ஒரு தாள் நறுக்கை மடித்து, கத்தரியால் ஓரத்தில் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலில் ஒட்டுவார். ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சியும் தப்பில்லாமல் குடித்துவிடலாம். அதைவிட நல்ல லேபிளை நான் இன்னும் பார்க்கவில்லை.

அப்பா படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் லத்தீன் தெரியும்! சீட்டில் பி.டி. என்றால் இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, ஹெச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது. எல்லாம் லத்தீன் சொற்களின் முதலெழுத்துகள். வயிற்று உப்புசத்துக்கு அவர் கலக்கும் சிவப்பு மிக்சருக்கு ஊரில் தனி மவுசு. சோடா உப்பு, ஏலக்காய் டிஞ்சர், இன்னும் என்னென்னவோ. அந்த டிஞ்சரின் சிவப்பு, கோச்சினீல் என்ற பூச்சியைக் காயவைத்து எடுத்த சாயம் என்று நான் பெரியவன் ஆன பிறகுதான் படித்தேன். வெங்காயம்கூடச் சேர்க்காத சைவ வீடுகள் அதை அவுன்ஸ் கணக்கில் குடித்திருக்கின்றன. நல்லவேளை, அப்பா போன பிறகு தெரிந்தது.

அவர் கொடுத்ததெல்லாம் நல்ல மருந்து என்றும் சொல்ல மாட்டேன். தலைவலிக்கு ஏ.பி.சி. மாத்திரையை அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். அதிலிருந்த ஃபெனாசிடின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பிற்பாடு தடை செய்தார்கள். கண்ணாடி ஊசியைத் தண்ணீரில் கொதிக்கவைத்து அடுத்தவருக்கும் அதையே போட்ட காலம். ஆனாலும் அந்த ஜன்னலில் ஒரு பேச்சு இருந்தது. "குலுக்கிட்டுக் குடி. புளி சேக்காத. நாலு நாள்ல கேக்கலைன்னா டாக்டரைப் பாரு, என்கிட்ட வராத."

பள்ளிக்கூடத்தில் நான் நடத்தாமல் விட்ட ஒரு பாடத்தை இங்கே நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். நோய் பார்ப்பவர் வேறு, மருந்து தருபவர் வேறு என்று ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஃபிரெடரிக் பேரரசர் ஆணை போட்டார். நம் நாட்டில் 1940ல் மருந்துச் சட்டம் வந்தது, 1948ல் பார்மசி சட்டம் வந்தது. பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கலந்து கொடுக்கலாம் என்று ஆனது. அனுபவத்தால் பழகின கம்பவுண்டர்களுக்கும் ஆரம்பத்தில் பதிவு செய்ய வழி விட்டார்கள். அப்புறம் எல்லாம் டிப்ளமா, டிகிரி. அதே காலத்தில் மருந்தும் கம்பெனியிலிருந்து அட்டையாகவே வர ஆரம்பித்துவிட்டது. கலப்பதற்கு ஒன்றும் இல்லை. கல்வமும் அவுன்ஸ் கிளாசும் போயின. மிச்சம் என்ன வேலை? அட்டையை எடுத்துக் கொடுத்துக் காசு வாங்கிப் போடுவதுதானா? பல கடைகளில் அவ்வளவுதான். ஜன்னலோடு பேச்சும் போய்விட்டது. 2015ல் வந்த பார்மசி நடைமுறை விதிகள், மருந்து வாங்க வருகிறவருக்கு விளக்கிச் சொல்வதும் மருந்தாளுநரின் கடமை என்கின்றன. அதை வேலையாக நினைத்துச் செய்கிற கடையை நான் இங்கேதான் பார்க்கிறேன்.

கடையில் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். சீட்டைப் பார்த்து ரேக்கிலிருந்து எடுத்து வந்து ஒரு பிளாஸ்டிக் தட்டில் போடுவார்கள், அவ்வளவே. தட்டு அந்தப் பெண் முன்னால் போகும். அவர் சீட்டையும் அட்டையையும் விரல் வைத்து ஒத்துப் பார்த்த பிறகே கவரில் விழும். என் தங்கை மகள் டெக்சாசில் பார்மசி டெக்னீஷியன். அங்கே மாத்திரையைத் தட்டில் கொட்டி ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணிக் குப்பியில் போடுகிற வேலை அவளுடையது. அதற்குத் தேசிய அளவில் 1995லிருந்து சான்றிதழ் தேர்வு இருக்கிறது. "இதை எப்படிச் சாப்பிடணும்?" என்று யாராவது கேட்டால் மட்டும் அவள் பதில் சொல்லக் கூடாதாம், மருந்தாளுநரைக் கூப்பிட வேண்டும். நம் மருந்துக்கடைகளில் அந்த நடுப்படியைக் காணோம். ஒன்று மருந்தாளுநர், இல்லையென்றால் சும்மா ஒரு பையன். இந்தக் கடையில் அந்தப் பையன்களைத் தானாகவே அந்தப் படியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். சிவப்பு மூடி எது, ஆரஞ்சு மூடி எது என்று ஒருவனிடம் கேட்டுப் பார்த்தேன். சொல்லிவிட்டான்.

சின்ன விஷயம், ஆனால் கவனித்தேன். முழு அட்டை வேண்டாம், ஆறு மாத்திரை போதும் என்றால் காலாவதித் தேதி அச்சடித்த முனையை விட்டுவிட்டு மறுமுனையில் வெட்டுகிறார்கள். நமக்கு வெட்டிக் கொடுத்த துண்டில் தேதி இல்லாததால் கவரில் பேனாவால் எழுதித் தருகிறார்கள். இன்சுலின் அட்டைப் பெட்டியில், பாட்டிலைத் திறந்த தேதியை நாமே எழுத ஒரு கோடு போட்டுத் தருகிறார்கள்.

என் மனைவிக்குத் தைராய்டு மாத்திரை. எழுந்ததும் காபியோடு போட்டுக்கொள்வாள், கூடவே கால்சியம் மாத்திரை. "வெறும் வயித்துல வெறும் தண்ணில போடணும்க்கா. காபிக்கு அரை மணி, ஒரு மணி ஆகட்டும். கால்சியத்துக்கு நாலு மணி நேரம் கழியட்டும்" என்றார் கடையில் அந்தப் பெண். அரை மணி நேரம் காபி இல்லாமலா என்று வீட்டில் ஒரு வாரம் முகம் தூக்கி இருந்தது. இப்போது மாத்திரையை முதலில் போட்டுவிட்டுத்தான் வாசல் தெளிக்கப் போகிறாள். எங்கள் ஆச்சி காலத்து வைத்தியர் சூரணம் கொடுத்தால் தேனிலா நெய்யிலா வெந்நீரிலா என்று அனுபானத்தையும் சேர்த்தே சொல்வார், பத்தியத்தையும் சொல்வார். 1964லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. அம்மா முழங்காலுக்கு அங்கே எண்ணெய் வாங்குகிறார். அதையும் இந்தப் பெண் கேட்டுக் குறித்துக்கொண்டார். "உள்ளுக்கு எதுவும் குடுக்காங்களா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

எல்லோருக்கும் இது பிடிக்காது. என் மச்சினன் தொண்டை வலிக்குச் சீட்டு இல்லாமல் செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் கேட்டுப் போனான். தரவில்லை. "நாலு மாத்திரைக்கு என்னமோ பத்திரப் பதிவு ஆபீஸ் மாதிரில்லா பேசுதா" என்று இன்றுவரை திட்டுகிறான். அது ஹெச்1 அட்டவணை மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. 2014 மார்ச்சிலிருந்து அந்த அட்டவணையில் உள்ள மருந்தை விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், மருந்து, அளவு எல்லாம் தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நோட்டை நான் பார்த்தேன், வரிசையாக எழுதியிருந்தது. மச்சினனுக்கு உப்புத் தண்ணீர் கொப்பளித்தே சரியாகிவிட்டது. அதை அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

குறைகளும் உண்டு. விலை சல்லிசு இல்லை. எனக்குக் கிடைப்பது பத்து சதவீதத் தள்ளுபடி. சங்கிலிக் கடைகளில் இதைவிடக் கூடத் தருகிறார்கள். மாதாமாதம் போகிற மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரைக்கு, "முதல்வர் மருந்தகத்துல இன்னும் குறைச்சலா கிடைக்கும், அங்கயே வாங்குங்க" என்று அவரே ஒரு பெரியவரை அனுப்பிவைத்ததைப் பார்த்தேன். 2025 பிப்ரவரியில் தமிழகம் முழுக்க ஆயிரம் கடை திறந்தார்களே, அது. கடை முதலாளி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முகம் கொஞ்சம் சுண்டியது, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. அம்மா மாதிரி ஆட்களை வேப்பமரத் திண்டில்தான் உட்கார வைக்க வேண்டும். சாயங்காலம் ஆறரைக்கு மேல் போனால் இருபது நிமிடம் நிற்க வேண்டும், ஏனென்றால் முன்னால் நிற்கிற ஒவ்வொருவரிடமும் அந்தக் கேள்விகள் உண்டு. முன்னால் நிற்பவருக்கு என்ன மருந்து என்பது பின்னால் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும். இதை அவரிடம் சொன்னேன். இப்போது சில ஆட்களை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசுகிறார், ஆனாலும் இடம் போதவில்லை. ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இல்லை. அவர் லீவு போட்டால் சீட்டு மருந்து எதுவும் இல்லை, ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் பஞ்சும் மட்டும்தான். ராத்திரி அவசரத்துக்கு வேறு கடை தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வயசானவர்கள் அவரை "டாக்டரம்மா" என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் "டாக்டர் இல்ல ஆச்சி, மருந்தாளுநர்" என்று திருத்துகிறார். என் அம்மா மட்டும் முதல் நாளே "கம்பவுண்டரம்மா" என்று கூப்பிட்டுவிட்டார். அதை ஏனோ அவர் திருத்தவில்லை.

போகிறவர்கள் காலையில் பத்து மணிக்குள் போங்கள். பழைய சீட்டையும், இப்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இல்லையென்றால் "வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வாங்க" என்பார். நான் இரண்டு தடவை திரும்பி வந்திருக்கிறேன், அதில் ஒரு தடவை நல்ல மழை.