ரிச்சி தெரு மஞ்சள் மீட்டரும் எங்கள் வீட்டு பேட்டரிகளும்

டிடி-830 வகை டிஜிட்டல் மல்டிமீட்டர், அதாவது வோல்ட், ஆம்பியர் எல்லாம் அளக்கும் கையடக்கக் கருவி. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். பிராண்ட் பெயர் மட்டும் கடைக்குக் கடை மாறும். என்னிடம் சில வருடங்களாக இருப்பது மஞ்சள் நிறத்தில் ஒன்று. எலெக்ட்ரானிக்ஸ் படிப்பவர்களுக்கு இதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதுமே புது பேட்டரிக்குப் பர்ஸைத் திறப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மீட்டரின் நடுவில் இருக்கும் திருகு குமிழை 20 வோல்ட் டிசியில் வைத்து, சிவப்பு வயரை பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6, 12.7 காட்டினால் பேட்டரி முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி. 12க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் கிட்டத்தட்ட காலி. ஆனால் நிற்கும்போது காட்டும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. செல்ஃப் அடிக்கும்போதும் பாருங்கள். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி அப்போது 9.6க்குக் கீழே விழுந்தால் அதன் ஆயுள் முடிந்தது, வாதாடிப் பயனில்லை. விழாமல் 11க்குப் பக்கத்தில் நிற்கிறது, ஆனாலும் ஸ்டார்ட்டர் முக்குகிறது என்றால் பேட்டரியைத் திட்டாதீர்கள்.

பெரும்பாலும் கோளாறு டெர்மினலில்தான், அதாவது பேட்டரியில் வயர் மாட்டும் முனையில். நாங்கள் இருப்பது திருவான்மியூரில், கடற்கரைக்குப் பக்கத்துத் தெரு. உப்புக்காற்றுக்கு எந்த இரும்பும் தப்பாது. ஸ்கூட்டர் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் முனையிலேயே அழுத்தி, மற்றதை அதில் முடுக்கியிருக்கும் வயரின் வளையத்தில் வைத்து செல்ஃப் அடித்தேன். ஒழுங்கான இணைப்பு என்றால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஸ்டார்ட்டருக்குப் போக வேண்டிய மின்சாரத்தை அந்தப் பூஞ்சணம் தின்றுகொண்டிருந்தது. கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, இறுக்கி முடுக்கி, மேலே வாஸலின் தடவினேன். அதே பேட்டரிதான் இன்னும் ஓடுகிறது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவிலும் இதே சோதனையைச் செய்யலாம். அந்த இரண்டையும் இணைக்கும் எர்த் வயரின் துரு அப்படித்தான் மாட்டும்.

அடுத்து சார்ஜிங். இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்தால் பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். 2017க்குப் பிறகு வந்த இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிவதால், சார்ஜிங் கொஞ்சம் சோர்ந்தாலும் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். வோல்டேஜ் ஏறவே இல்லையென்றால் அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையோ, மின்சாரம் தயாரிக்கும் காயிலையோ மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பேட்டரியை வேகவைக்கிறது என்று அர்த்தம். கத்திரி வெயிலே அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது, இது வேறு எதற்கு?

மீட்டர் விலையைப் பல மடங்காகத் திருப்பிக் கொடுத்தது மச்சானின் காரில். மழைத் தண்ணீர் தேங்கும் வேளச்சேரிக்காரர். கனமழை என்றால் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவார், அந்த ஏரியாவே அதைத்தான் செய்யும். மூன்று நாள் கழித்துப் போனால் செத்துக் கிடந்தது. “மாப்ளே, கடையில பேட்டரி போச்சுங்கிறாங்க” என்று போன். சார்ஜ் போட்டு, மைனஸ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மாற்றி, அந்த வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் இணைத்தேன். கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் விட்டால்தான் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்கும். பிறகு 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 0.3 காட்டியது. மூன்று நாளுக்கு 21 ஆம்பியர் ஹவருக்கு மேல். அவர் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35தான். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியதில் காரின் முன்னால் சாலையைப் படம்பிடிக்கும் டேஷ்கேம் கேமரா சிக்கியது. யாரோ அதைச் சாவியோடு அணையாத லைனில் இழுத்திருந்தார்கள். இந்தச் சோதனையில் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் கருகும். முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் சாக்கெட்டுக்கு மாற்றிவிட வேண்டும். 10 ஆம்பியர் சாக்கெட்டில் பல மலிவு மாடல்களுக்கு ஃபியூஸே கிடையாது.

சின்னச் சாமான்களில் மீட்டர் அரைத் துணைதான். ரிமோட்டின் பென்சில் செல் 1.5க்குப் பக்கம் காட்டினால் நல்லது, 1.2 என்றால் சுவர்க்கடிகாரத்துக்குத் தள்ளலாம். கார் சாவியில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் ஏமாற்றும்: வெறுமனே வைத்தால் 3 வோல்ட் காட்டும், பட்டனை அமுக்கினால் படுத்துவிடும். மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. பழையதைக் குழந்தை கைக்கு எட்டாமல் போடுங்கள், விழுங்கினால் உணவுக்குழாயை அரித்து ஓட்டை போட்டுவிடும். உப்பிய போன் பேட்டரிக்கு எந்த அளவும் எடுக்க வேண்டாம், குத்தாமல் நசுக்காமல் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.

மீட்டரின் குறைகள்: தானாக அணையாது. உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரியை மாற்றப் பின்பக்கத் திருகுகளைக் கழற்ற வேண்டும். அந்த பேட்டரி இறங்கினால் மீட்டர் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டும், செத்த பேட்டரியும் பிழைத்ததுபோல் தெரியும். திரையில் பேட்டரி படம் வந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். கூட வரும் வயர்கள் சுமார் ரகம், முதலை கிளிப் வைத்த ஒரு ஜோடி தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு 230 வோல்ட் லைனில் இதை நான் வைப்பதில்லை.