விழா வேலைகளுக்கு ஒரே பொதுத்தாள்: கூகுள் ஷீட்ஸ் மதிப்புரை

திருமணமோ, பண்டிகை விடுமுறையில் உறவினர் அனைவரும் கூடும் ஒன்றுகூடலோ, அதற்கான ஏற்பாடுகள் இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில்தான் தொடங்குகின்றன. அங்கேயே சிக்கிக்கொள்ளவும் செய்கின்றன. மண்டபத்தார் சொன்ன நிபந்தனை வாழ்த்துப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். விருந்தினர் பட்டியலில் கடைசியாகத் திருத்தியது யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு கோப்பை அனுப்புவார்கள். இந்த நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பது கூகுள் ஷீட்ஸ். 2006இல் அறிமுகமாகி, தனிநபர்களுக்கு இன்றும் கட்டணமின்றிக் கிடைக்கும் இந்த விரிதாளைக் கணக்கெழுதும் கருவியாக மட்டுமே பலர் நினைக்கிறார்கள். திருமணத்துக்கென்றே தனிச் செயலிகள் இருந்தாலும், திருமணம் முடிந்ததும் அவற்றின் வேலையும் முடிந்துவிடுகிறது. விரிதாளோ அடுத்த விடுமுறைக்கும், அதற்கடுத்த விழாவுக்கும் அப்படியே கைகொடுக்கிறது.

முன்கூட்டித் திட்டமிடுபவருக்கு இதன் பெரிய பலம் தேதிக் கணக்கு. விரிதாளைப் பொறுத்தவரை தேதி என்பது உள்ளுக்குள் ஓர் எண்தான். 1899 டிசம்பர் 30ஐச் சுழியமாகக் கொண்டு நாள்கள் எண்ணப்படுகின்றன. ஆகவே விழா நாளை மேலே ஒரு கட்டத்தில் எழுதிவிட்டு, அழைப்பிதழ் அச்சுக்குப் போக வேண்டிய நாள் அதிலிருந்து 75 கழித்தால் வருவது, தங்கும் அறைகளை உறுதிசெய்யும் நாள் 60 கழித்தால் வருவது என்று ஒவ்வொரு வேலைக்கும் சூத்திரமாகவே கெடு குறிக்கலாம். விழா ஒரு வாரம் தள்ளிப்போனால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் மாற்றினால் போதும். மற்ற எல்லா நாள்களும் தாமாக நகர்ந்துவிடும். சூத்திரத்தில் விழா நாள் கட்டத்தின் பெயரை ($B$1 என்பதுபோல) டாலர் குறியிட்டு நிலைப்படுத்த மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் கீழே இழுத்து நகலெடுக்கும்போது அது வேறு கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். கெடு கடந்தும் முடியாத வேலைகளின் வரிசை சிவப்பாக மாறும்படி நிபந்தனை வடிவமைப்பையும் அமைத்துவிட்டால், தாளைத் திறந்ததும் எது அவசரம் என்பது கண்ணில் பட்டுவிடும்.

ஆனால் தேதியைவிட முக்கியமான நெடுவரிசை ஒன்று உண்டு. அதன் தலைப்பு ‘பொறுப்பு’. அதில் ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். “மாப்பிள்ளை வீட்டார்”, “நாம் எல்லாரும்” என்று எழுதப்பட்ட வேலை கடைசி வாரம் வரை அப்படியே கிடக்கும்; அத்தையின் பெயரோ சித்தப்பாவின் பெயரோ எழுதப்பட்ட வேலைக்கு ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க முடியும். இந்த நெடுவரிசையில் கீழிறங்கு பட்டியல் வைத்து, குடும்பத்தாரின் பெயர்களை மட்டும் தேர்ந்தெடுக்கும்படி அமைப்பது நல்லது. அப்போது யார் தலையில் எத்தனை வேலை விழுந்திருக்கிறது என்பதும் வடிகட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரும்பாலான வீடுகளில் அந்தச் சுமை இரண்டு பெண்களின் மீதுதான் குவிந்திருக்கிறது. அதை மூன்று மாதங்களுக்கு முன்பே கண்டு பகிர்ந்துகொள்ள முடிவது, என் மதிப்பில், இக்கருவியின் மிகச் சிறந்த பயன்.

விருந்தினர் பட்டியலில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஆளுக்கு ஒரு வரிசையா, வீட்டுக்கு ஒரு வரிசையா என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். வீட்டுக்கு ஒன்று என்பதே சரி என்பது என் கருத்து. குடும்பத் தலைவரின் பெயர், பெரியவர்கள் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை பேர், வரும் நாள், அறை தேவையா, பதில் என்ன என்று அந்த வரிசை நீளட்டும். வரிசைகளை எண்ணினால் அழைப்பிதழின் எண்ணிக்கை கிடைக்கும். ‘வருகிறோம்’ என்று பதில் சொன்ன வீடுகளின் ஆள்தொகையை, நிபந்தனைக்குப் பொருந்தும் வரிசைகளை மட்டும் கூட்டும் சம்இஃப் (SUMIF) சூத்திரத்தால் கூட்டினால் விருந்துக்கான எண்ணிக்கை கிடைக்கும். அறைகளின் கணக்கும் வாகனங்களின் கணக்கும் அதே பட்டியலிலிருந்து வந்துவிடும். பதில்களைத் திரட்டுவதற்கு கூகுள் ஃபார்ம்ஸ் படிவத்தை இணைத்தால், விடைகள் நேரக் குறிப்புடன் தாளில் தாமே வந்து விழுகின்றன. ஒரே வீட்டிலிருந்து கணவரும் மனைவியும் தனித்தனியே நிரப்பினால் இரண்டு வரிசைகளாகும் என்பதால், விருந்துக்காரரிடம் எண்ணிக்கை சொல்வதற்கு முன் ஒருவர் உட்கார்ந்து இரட்டிப்புகளை நீக்கியாக வேண்டும். ஒருவருக்கு ஒரு பதில் என்று கட்டுப்படுத்தும் வசதி இருந்தாலும், இருவர் தனித்தனிக் கணக்குகளில் நிரப்புவதை அது தடுக்காது. மேலும் அதற்கு கூகுள் கணக்கில் உள்நுழைய வேண்டும் என்பதால், வயதானவர்கள் பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள்.

பணக் கணக்கைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஒப்புக்கொண்ட தொகை, கொடுத்த முன்பணம், மீதி, அதைக் கொடுக்க வேண்டிய நாள் ஆகியவற்றோடு, ரத்து செய்தால் முன்பணம் திரும்பக் கிடைப்பதற்கான கடைசி நாளையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

பலர் கைவைக்கும் தாள் கலைந்துபோகாதா என்ற அச்சம் நியாயமானது. அதற்குப் பதிப்பு வரலாறு இருக்கிறது: யார் எப்போது எதை மாற்றினார் என்பது ஆளுக்கொரு நிறத்தில் தெரியும், பழைய பதிப்பை முழுமையாக மீட்கவும் முடியும். அதற்கும் முன்னெச்சரிக்கையாக, திருத்தும் உரிமையைப் பொறுப்பேற்றவர்களுக்கு மட்டும் கொடுத்து, மற்றவர்களைப் பார்வையாளர்களாக வைக்கலாம். சூத்திரங்கள் உள்ள கட்டங்களைத் தனியே பூட்டவும் வழியுண்டு.

குறைகளும் உண்டு. கெடு நெருங்குகிறது என்பதை இது தானாக நினைவூட்டாது. தாளில் ஏதேனும் மாறினால் மின்னஞ்சல் அனுப்பும்படி செய்யலாமே தவிர, நாள் நெருங்குவதை உணர்த்த நாள்காட்டிச் செயலியைத்தான் நாட வேண்டும். பத்து நெடுவரிசைகள் கொண்ட தாளைக் கைபேசித் திரையில் படிப்பது பெரும் சிரமம். எனவே பெரியவர்களுக்காக வேலை, பெயர், நாள் என்ற மூன்று நெடுவரிசைகள் மட்டும் கொண்ட தனித் தாளை அமைப்பதே மரியாதை. அதையும் திறக்க விரும்பாதவர்களுக்கு அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட வேண்டும். யார் எந்த மேசையில் அமர்வது என்ற அமர்விட ஏற்பாட்டுக்கு இது ஏற்றதன்று. அதற்குக் காகிதமும் பென்சிலும் எவ்வளவோ மேல். விழா நடக்கும் இடத்தில் சமிக்ஞை கிடைக்காமல் போகலாம் என்பதால், கோப்பை ஆஃப்லைனில் கிடைக்கும்படி முந்தைய நாளே கைபேசியில் குறித்துவைப்பது கட்டாயம்.

விழா முடிந்த பிறகு இரண்டு வேலைகள் மிச்சமிருக்கும். முதலாவது, உண்மையில் வந்தவர்களின் எண்ணிக்கையையும், திட்டமிட்டதற்கு மேல் செலவானவற்றையும் நினைவில் இருக்கும்போதே எழுதிவிட்டு, கோப்பை நகலெடுத்து அடுத்த ஒன்றுகூடலுக்கு வைத்துக்கொள்வது. விழா நாள் கட்டத்தில் புதிய தேதியை இட்டதும் கெடுக்கள் அனைத்தும் மறுபடி கணக்கிடப்பட்டுவிடும். இரண்டாவது, பழைய கோப்பின் பகிர்வை மூடுவது. உறவினர் அத்தனை பேரின் தொலைபேசி எண்களும் முகவரிகளும் அதில் இருக்கின்றன. “இணைப்பு உள்ள எவரும்” என்ற அமைப்பு மாற்றப்படாதவரை, எப்போதோ யாருக்கோ அனுப்பிய அந்த இணைப்பு தொடர்ந்து திறந்துகொண்டே இருக்கும்.