சோடா ரொட்டிக்கு மோரா, எலுமிச்சை பிழிந்த பாலா?

அயர்லாந்தின் சோடா ரொட்டியைச் செய்யப் போகிறவர்கள் முதலில் தயங்குவது இங்கேதான். இதில் ஈஸ்ட் கிடையாது. சமையல் சோடா புளிப்போடு சேர்ந்து வாயுவைக் கிளப்பித்தான் மாவு உப்பும். மாடு வைத்திருந்த பண்ணை வீடுகளில் வெண்ணெய் கடைந்தபின் மிஞ்சும் மோர் எப்போதும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் சோடா வந்ததும் இரண்டும் ஜோடி சேர்ந்தன.

சுவை: மோரின் இதமான புளிப்பும் பால் மணமும் ரொட்டி முழுக்க இறங்கும். எலுமிச்சைப் பாலில் கொஞ்சம் சப்பென்று இருக்கும்.

பதம்: மோர் விட்ட மாவு கையில் பிசுபிசுவென்று ஒட்டும், ஆனால் வெந்தபின் உள்ளே ஈரம் நிற்கும். பால் நீர்த்தது, குறைத்தே ஊற்றுங்கள்.

சுலபம்: பால்தான். 1 கப் பாலில் 1 மேசைக்கரண்டி சாறு விட்டு 10 நிமிடம் வைத்தால் திரிந்துவிடும்.

செலவு: பெரிய வித்தியாசமில்லை.

எதுவானாலும் மாவை அடித்துப் பிசையாதீர்கள். ஒன்று சேர்ந்ததும் மேலே சிலுவைபோல் ஆழமாகக் கீறி உடனே சூடான அவனில் வையுங்கள், வாயு காத்திருக்காது.

அவசரத்துக்குப் பால் சரி. உப்பு வெண்ணெயைத் தடிமனாகப் பூசிச் சாப்பிடும் ரொட்டிக்கு மோர்தான் வேண்டும். நம் வீட்டில் நீர் விட்டுப் பெருக்கும் மோர் இல்லை, கெட்டி மோர்.