கண்ணுக்குள் ஒரு லென்ஸ்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

இரண்டு கண்களிலும் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் ஆகின்றன. விசாரிப்பவர்கள் எல்லாரும் ஆபரேஷனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சிக்கல் எதுவும் இல்லாவிட்டால் அது பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. ஆயுள் முழுக்கக் கூட வரப்போவது உள்ளே வைக்கிற லென்ஸ்தான். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதால் அதையே அதிகம் எழுதுகிறேன்.

புரை என்பது கண்ணின் மேல் படரும் சவ்வு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கண்ணுக்குள் இருக்கும் நம் சொந்த லென்ஸின் புரதங்கள் வயதாக ஆகத் திரண்டு கலங்கிப்போவதுதான் புரை. சர்க்கரை நோய், நீண்ட நாள் ஸ்டீராய்டு, கண்ணில் பட்ட அடி இவற்றால் சீக்கிரமே வரலாம். எனக்கு மங்கலுக்கு முன்னால் வந்தது கண் கூச்சம். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறித் தெரிந்தது. கண்ணாடி பவரும் அடிக்கடி மாறியது. நடுவில் கொஞ்ச காலம் வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமலே சின்ன எழுத்தைப் படிக்க முடிந்தது. பார்வை திரும்பிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். லென்ஸின் நடுப்பகுதி இறுகி, கண் கிட்டப்பார்வைப் பக்கம் சாய்வதால் வருவது அது.

புரை நன்றாக முற்றட்டும் என்று காத்திருப்பது பழைய காலத்து யோசனை. இப்போது அல்ட்ராசவுண்டால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். ரொம்ப இறுகிவிட்டால் அந்த வேலைதான் கடினமாகும். அதற்காகப் புரை என்று சொன்ன மறுநாளே ஓடவும் தேவையில்லை. படிப்பதும் வண்டி ஓட்டுவதும் சிரமமாகும்போது செய்துகொள்ளலாம். புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள், அப்படி நிரூபிக்கப்பட்ட மருந்து கிடையாது.

சரி, லென்ஸுக்கு வருவோம். அறுவைக்கு முன்பே கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து பவரைக் கணக்கிடுகிறார்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அதைச் சில நாட்கள் அல்லது வாரங்கள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அளவு தவறும். மோனோஃபோக்கல் லென்ஸ் ஒரே தூரத்துக்குத் தெளிவு தரும். மல்டிஃபோக்கல் ஒளியைப் பல தூரங்களுக்குப் பங்கிடுவதால் கண்ணாடித் தேவை குறையும். பதிலுக்கு இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம், மங்கிய வெளிச்சத்தில் தெளிவு கொஞ்சம் குறையலாம். விழித்திரையில் கோளாறு இருப்பவர்களுக்கு இதைப் பெரும்பாலும் பரிந்துரைப்பதில்லை. கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் சிலிண்டர் பவர் அதிகம் உள்ளவர்களுக்கு டோரிக் என்று ஒரு வகை உண்டு.

நான் எடுத்தது தூரப்பார்வைக்கான மோனோஃபோக்கல். தெருப் பலகை, டிவி, எதிரே வருபவர் முகம் எல்லாம் கண்ணாடி இல்லாமலே பளிச்சென்று தெரிகின்றன. ஆனால் போன், மாத்திரை அட்டை, ஊசியில் நூல் கோர்ப்பது எதற்கும் கண்ணாடி வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தனியாக இன்னொன்று. என் அக்கா கதை வேறு. சின்ன வயதிலிருந்தே மைனஸ் பவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படித்தே பழகியவர். தூரத்துக்கு லென்ஸ் வைத்திருந்தால் அந்த வசதியே போயிருக்கும். டாக்டரிடம் பேசி, கிட்டத்துக்குத் தெளிவு வருகிற பவரையே வைத்துக்கொண்டார். வெளியே போகும்போது கண்ணாடி போடுகிறார், அவருக்கு அதில் குறையே இல்லை. அளவெடுக்கும் நாளில் நீங்கள் நாள் முழுக்க எந்தத் தூரத்தில் வேலை செய்கிறீர்கள் என்பதை, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

அந்நியப் பொருளைக் கண் ஏற்குமா என்ற பயம் எனக்கும் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த அக்ரிலிக் துணுக்குகள் அழற்சி உண்டாக்காமல் கிடந்ததைக் கவனித்துத்தான், ஹரோல்ட் ரிட்லி 1949இல் லண்டனில் முதல் செயற்கை லென்ஸை வைத்தார். இன்றைக்கு வைப்பது மடக்கக்கூடியது. ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீட்டர் கீறல் வழியே உள்ளே போய் விரிகிறது.

ஆபரேஷன் அன்று சொட்டு மருந்திலேயே கண் மரத்துவிட்டது. விளக்கைப் பார்த்தபடி அசையாமல் படுத்திருப்பதுதான் நம் வேலை. இருமல் வந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுபவர்கள், நிறுத்தியிருந்தாலும்கூட, டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அறுவையின்போது கண்மணி சரியாக விரியாமல் போக அது காரணமாகலாம்.

அப்புறம் சில வாரங்கள் சொட்டு மருந்து, தூங்கும்போது கண்ணுக்கு மேல் ஒரு பாதுகாப்பு மூடி, கசக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது. முதலில் செய்த கண்ணுக்கு வெள்ளைச் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது. இன்னும் செய்யாத கண்ணால் பார்த்தால் அதே சுவர் பழங்காகிதம் போல மஞ்சளாக இருந்தது. இரண்டு கண்ணின் பவரும் ஒத்துப்போகாத அந்த இடைவெளிக் காலம்தான் எனக்கு மொத்தத்திலும் எரிச்சலானது, படி இறங்கவே தடுமாற்றம். மணல் விழுந்ததுபோன்ற உறுத்தலும் சில மாதம் இருந்தது. அது கண் வறட்சி, செயற்கைக் கண்ணீர்ச் சொட்டில் அடங்கியது. ஆனால் வலி கூடினாலோ, சிவந்து பார்வை குறைந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும். மின்னல் வெட்டுவது, திரை விழுவது போன்ற தோற்றம் எப்போது வந்தாலும் அப்படியே. அது விழித்திரை விலகுவதன் அறிகுறியாக இருக்கலாம்.

ஓரிரு ஆண்டுகளில் ஒரு கண்ணில் மறுபடி பனிமூட்டம். எடுத்த புரை திரும்ப வராது. லென்ஸைத் தாங்கும் பையின் பின்பக்கம் மங்கியிருந்தது. இது பரவலாக வருவதுதானாம். முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் அத்தனை பயந்திருக்க மாட்டேன். யாக் லேசரில் சில நிமிடங்களில், வலி இல்லாமல் சரிசெய்தார்கள்.

லென்ஸின் மாடலும் பவரும் குறித்த அட்டை ஒன்று தருவார்கள். பின்னால் கண்ணில் வேறு சிகிச்சை வந்தால் அதைக் கேட்கலாம் என்பதால், போனில் படமெடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன்.